அறுபத்தொன்றாவது கையெழுத்து

நாகப்பட்டினம்
ஆகஸ்ட் 11

அன்புள்ள மச்சானுக்கு,

தர்ஷினி எழுதுவது. நானும் பாப்பாவும் அத்தையும் நலம். உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் போனில் சொல்வதை நான் முழுதாக நம்புவதில்லை. இதற்குப் பதில் எழுதும்போதாவது உண்மையை எழுதுங்கள்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் அறையில் ஏழு பேர் படுக்கிறீர்கள். ஏழு பேரும் நம் தெரு. நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், இல்லாவிட்டால் பொண்டாட்டியிடம் என்ன ரகசியம் என்று கேலி செய்வார்கள். போன செவ்வாய்க்கிழமை அத்தையின் முழங்கால் வீக்கத்தைப் பற்றி உங்களிடம் சொன்னேன். புதன்கிழமை காலை தண்ணீர்க் குழாயடியில் நாலு பேர் என்னிடம் அதற்குக் கை வைத்தியம் சொன்னார்கள். பஹ்ரைனிலிருந்து நம் தெருவுக்குச் செய்தி வர ஒரு ராத்திரி போதும்.

அதனால் இதைக் காகிதத்தில் எழுதி ரசியா அக்காவிடம் கொடுக்கிறேன். அத்தையிடம் கருவாடு வாங்கி நாகூரில் விற்கிறார்களே, அவர்கள்தான். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, உங்கள் படகுத்துறைக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் அவர்கள் தம்பி ஜெகபர் அலிக்கு அனுப்புவார்கள். அவர் அச்செடுத்து உங்கள் கையில் தருவார். படிக்க மாட்டேன் என்று ரசியா அக்கா சொல்லியிருக்கிறார்கள். படிப்பார்கள். பரவாயில்லை, அவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். தாலுகா ஆபீஸ் எதிரே நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடைக்குப் போன வியாழக்கிழமை காயாரோகணம் மாமா வந்தார். கூட இளஞ்செழியன் என்று ஒரு ஆள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஏதோ கம்பெனியின் அடையாள அட்டை. வியாழக்கிழமை மதியம் எனக்கு வேலை கிடையாது என்று மாமாவுக்குத் தெரியும். அன்றைக்கு நான் கடையில் இன்னொரு பெண்ணுக்குப் பதிலாக வந்திருந்தேன். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தாளைப் பின்னால் கொண்டுபோனார். அந்த ஆள் நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். வேறு வழியில்லாமல் நீட்டினார். எட்டு கலர் காப்பி வேண்டுமாம்.

"நீ ஒண்ணும் படிக்க வேணாம், எடுத்துக் குடு" என்றார்.

படிக்காமல் காப்பி எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. தாளைக் கண்ணாடியில் நேராக வைப்பதற்கே அதைப் பார்த்தாக வேண்டும். பார்த்தேன். பழைய துறைமுகத்தைக் கடலோரப் பொழுதுபோக்கு வளாகமாக மாற்றுவதில் எங்கள் தெரு மீனவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று மேலே அச்சடித்திருந்தது. புதுத் துறைமுகம் வந்த பிறகு அந்த இடத்தை யாரும் தொழிலுக்குப் பயன்படுத்துவதில்லை என்று அடுத்த வரி. அதற்குக் கீழே தெருவின் தலைக்கட்டு ஆண்கள், வீட்டுக்கு ஒருவராக, நூற்று நாற்பத்து மூன்று பேரின் கையெழுத்து. அறுபத்தொன்றாவது உங்களுடையது.

உங்கள் கையெழுத்தை யாராவது போட்டிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கடைசி 'ல்' மேல் புள்ளி வைக்காமல் ஒரு சின்னக் கோடாக இழுத்துவிடுவீர்களே, அந்தக் கோடு அங்கே இருந்தது. நம் கல்யாணப் பதிவிலும் அதே கோடுதான். எட்டு காப்பி எடுத்துக் கொடுத்தேன். ஒன்பதாவதை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று வேலை முடிந்ததும் நேராகப் பழைய துறைக்குப் போனேன். யாரும் பயன்படுத்தாத இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். பதினேழு ஃபைபர் படகு கரையேறி நின்றது. ஏலக் கொட்டகையில் அத்தையும் மற்றப் பெண்களும் மத்தி ஏலம் முடித்துக் கூடைக்கு ஐஸ் தட்டிக்கொண்டிருந்தார்கள். திருவாரூருக்கும் வலங்கைமானுக்கும் மீன் ஏற்றிப் போகும் குட்டி வேன்கள் மூன்று நின்றன. உடைந்த அலைதடுப்புக் கல் மேல் கல்லூரிப் பிள்ளைகள். டீக்கடைப் பெஞ்சில் ரம்மி. தொழுகை முடித்துவிட்டு வந்த நாகூர்ப் பெரியவர்கள் நான்கு பேர் பழைய டீசல் பங்கின் நிழலில். மேட்டூர்த் தண்ணீர் இங்கு வந்து சேர்ந்திருப்பதால் முகத்துவாரத்தில் ஆகாயத்தாமரை மிதக்கிறது, அதை வேடிக்கை பார்க்க உள்ளூர்க் குடும்பங்கள் வேறு. இந்த ஊரில் காசு கொடுக்காமல் ஒரு மனுஷன் கடலைப் பார்த்து உட்கார இருக்கிற இடம் அது ஒன்றுதான். நாற்றமடிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டாவது வந்து உட்காருகிறார்கள்.

கடைக்கு வந்தபோது அந்த ஆள் ஒரு வண்ணப் படமும் கொண்டுவந்திருந்தார். வளாகம் கட்டி முடித்ததும் துறை எப்படி இருக்கும் என்ற படம். சைக்கிள் ஓட்டுகிறவர்கள், பலூன் பிடித்த குழந்தைகள், நாய் கூட்டிக்கொண்டு நடக்கும் பெண். கூடை வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. கறுப்பாக ஒருவர்கூட இல்லை.

மச்சான், பாப்பாவின் காதுகுத்துக்காகச் சித்திரையில் பன்னிரண்டு நாள் வந்திருந்தீர்கள். போட்டிருந்தால் அப்போதுதான் போட்டிருக்க வேண்டும். எப்போது போட்டீர்கள், எங்கே போட்டீர்கள், என்னவென்று நினைத்துப் போட்டீர்கள்? இதை மட்டும் எழுதுங்கள். போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். போனில் வழக்கம்போல வெயிலைப் பற்றிப் பேசுவோம்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. காயாரோகணம் மாமா அவர்களுடைய அண்ணன் ஆயிற்றே.

பதிலுக்குக் காத்திருக்கும்,
தர்ஷினி

*

நாகப்பட்டினம்
ஆகஸ்ட் 27

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் பதில் ரசியா அக்காவின் போனுக்கு வந்தது. அவர்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். படகுக் கயிறு அறுந்து விரலில் பட்டதை இவ்வளவு நாள் மறைத்திருக்கிறீர்கள். வேறென்ன மறைத்திருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன், நீங்களாகச் சொல்வீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

திருவிழாக் கூட்டத்துக்காகப் போட்ட கையெழுத்து அது என்று எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் உடனே நம்பினேன். நம் தெருக் கூட்டம் நடக்கிற லட்சணம் எனக்கும் தெரியும். ஆண்கள் எல்லாரும் ஓரிடத்தில் கிடைப்பது காலையில் படகு வரும் நேரத்தில்தான் என்று ஏலக் கொட்டகையிலேயே கூட்டம் போடுவார்கள். முகத்துவாரத்தில் படகு தலை காட்டினால் பாதிப் பேர் எழுந்து ஓடிவிடுவார்கள். அதனால் முதலில் வெறும் தாளில் கையெழுத்து, பிறகு பேச்சு, தீர்மானத்தைக் கடைசியில் யாராவது மேலே எழுதிக்கொள்வது. கடலில் ஒருத்தன் பிடித்த கயிற்றை இன்னொருத்தன் நம்பித்தானே இழுக்கிறான், தாளிலும் அப்படித்தான் என்று பெருமை வேறு. அந்தப் பெருமையைத்தான் வெள்ளைச் சட்டைக்காரர் எட்டு கலர் காப்பியாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறேன். நாலு வருஷமாக அந்த மெஷினோடு கிடக்கிறேன். பேனா மை மேல் பிரின்டர் எழுத்து விழுந்தால் அது மினுங்கும், சாய்த்துப் பிடித்தால் தெரியும். மூலத்தாளில் முதல் கையெழுத்து காயாரோகணம் மாமாவுடையது. அதன் மேல் முனை அச்சடித்த கடைசி வரியை முட்டுகிறது. முட்டும் இடத்தில் எழுத்து மேலேயும் மை அடியிலேயும் இருக்கிறது. கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு அதே தாளை மெஷினில் விட்டு அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் என்னிடம் இருக்கும் காப்பியில் அது தெரியாது. மூலத்தாள் அவர்களிடம். அதனால் போட்டவர் ஒருவராவது வாயைத் திறந்தால்தான் உண்டு.

மருதையன் அண்ணனிடம் போனேன். பன்னிரண்டாவது கையெழுத்து அவருடையது. திருவிழாவுக்கு என்றுதான் போட்டோம் என்று அவரும் சொன்னார். அதையே ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். வலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொல்றதுன்னா எத்தன தடவ வேணாலும் சொல்றேன் தங்கச்சி. எழுதிக் கேக்காத."

ஊர்விலக்குப் பயம். தெருப் பஞ்சாயத்தில் காயாரோகணம் மாமா சொன்னதுதானே தீர்ப்பு. போன வருஷம் ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைத்தார்களே, நாற்பது நாள் அவர்களுக்கு யாரும் ஐஸ் கொடுக்கவில்லை, படகைக் கரையேற்ற ஒரு கை வரவில்லை. அந்த வீட்டுப் பெண் தன் குழந்தைக்குப் பால் வாங்கப் பக்கத்துத் தெருவுக்குப் போனாள். அப்போது நாமும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தோம். நானும்தான். இதை எழுதும்போது மருதையன் அண்ணனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். பயந்துகொண்டே சொன்னேன். காப்பியை விரித்து உங்கள் பெயரைக் காட்டியதும் மற்றப் பெயர்களையும் படிக்கச் சொன்னார்கள். பிறகு கேட்டார்கள், பொம்பளைங்க கையெழுத்து எங்கே என்று. இல்லை என்றேன். படகை விட்டு இறங்கியதும் ஆண்களுக்கு அங்கே என்ன வேலை, ஏலம் விடுவதும் எடுப்பதும் காய வைப்பதும் விற்பதும் நாங்கள், இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது அவர்களா என்று கேட்டார்கள். முப்பது வருஷமாக அந்தக் கொட்டகையில் உட்காருகிறவர்களுக்கு அந்தக் கேள்வி இப்போதுதான் வந்தது. எனக்கும் இப்போதுதான் வந்தது.

மறுநாள் காயாரோகணம் மாமாவே வீட்டுக்கு வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள், மருதையன் அண்ணனா, ரசியா அக்காவா, குழாயடியா என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் யார் என்னிடம் சிரித்தாலும் இவர்களாக இருக்குமோ என்றுதான் தோன்றுகிறது. பாப்பாவுக்கு பிஸ்கட் கொடுத்தார். டீ குடித்தார். பெண்கள் எத்தனை நாள் வெயிலில் கூடை சுமப்பார்கள், நாளைக்கு நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டாமா என்று கேட்டார். அத்தை கேட்டார்கள், "எம்புள்ளகிட்ட சொல்லித்தான் கையெழுத்து வாங்குனியாண்ணே?"

அவர் அத்தை பக்கம் திரும்பாமலே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உம் புருஷனக் கேளு. அவனுக்குத் தெரியும்."

அதைச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தைக்கு அது வெறும் பேச்சாகத்தான் பட்டது. என்னை மடக்கச் சொன்னதாக இருக்கலாம். உங்கள் தாய்மாமனுக்கு அந்த வித்தை நன்றாகவே வரும். ஆனால் மச்சான், அவர் போன பிறகு உங்கள் பதிலை இன்னொரு முறை வாங்கிப் படித்தேன். எப்போது போட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே என்று எழுதியிருக்கிறீர்கள். வளாகத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை. நான் அதைக் கேட்கவில்லை என்பதால் எழுதவில்லையா?

நீங்கள் கோபப்படுவீர்கள். படுங்கள். சந்தேகப்படாமல் இருந்த நூற்று நாற்பத்து மூன்று பேரின் கதியைப் பார்த்த பிறகு, சந்தேகப்படுவதற்காக நான் வெட்கப்படப் போவதில்லை.

அத்தை சும்மா இருக்கவில்லை. முழங்கால் வலியோடு கொட்டகையில் ஒவ்வொருவராகப் பேசி துறை எங்களுக்கு வேண்டும் என்ற மனுவுக்கு முப்பத்தெட்டுப் பெண்களைச் சம்மதிக்க வைத்திருக்கிறார்கள். நான் முதலில் மனுவை எழுதினேன், சத்தமாகப் படித்தேன், பிறகுதான் கையெழுத்தும் கைரேகையும். இரண்டாவது வரி புரியவில்லை என்று மூன்று பேர் சண்டை போட்டார்கள். மாற்றி எழுதினேன். ரசியா அக்காவும் போட்டிருக்கிறார்கள். வரும் மாதம் ஏழாம் தேதி திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுக்கப் போகிறோம். அதோடு, கையெழுத்துப் போட்ட ஓர் ஆணின் வாக்குமூலமும் இருந்தால் மனுவைத் தூக்கி ஓரமாக வைக்க முடியாது.

அங்கே உங்களுக்கு ஐஸ் கொடுக்காமல் நிறுத்த யாராலும் முடியாது. அதனால் உங்களைக் கேட்கிறேன். யோசித்துச் சொல்லுங்கள்.

விரலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படகில் அது முடியாது என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தர்ஷினி

*

நாகப்பட்டினம்
செப்டம்பர் 4

மச்சானுக்கு,

போன கடிதத்துக்கு உங்களிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. போனில் மட்டும் இரண்டு நாளாக அதிகம் பேசுகிறீர்கள். அங்கே மீன் பாடு குறைந்ததைப் பற்றி, கேப்டன் திட்டியதைப் பற்றி, பாப்பாவுக்கு வாங்கி வைத்த பொம்மையைப் பற்றி. உங்கள் குரல் போன வாரம் வரை இப்படி இல்லை.

நேற்று காலை அந்த இளஞ்செழியன் தனியாகக் கடைக்கு வந்தார். அந்தப் பக்கத்தில் கலர் பிரின்ட் எடுக்க எங்கள் கடையை விட்டால் வேறு இல்லை. பென்டிரைவைக் கொடுத்து ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னார். 'கடை ஒதுக்கீடு, முதல் பட்டியல்' என்று தலைப்பு. வளாகத்துக்குள் வைக்கப்போகும் பத்துக் கடைகள். ஒப்புதலுக்கு உதவிய பத்துக் குடும்பத்துப் பெண்கள் பெயரில். முதல் பெயர் காயாரோகணம் மாமாவின் மருமகள். நாலாவது பெயர்: தர்ஷினி, கணவர் பெயர் ராகுல்.

மாமா என் வாயை அடைக்க அவராகவே என் பெயரைச் சேர்த்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு நிமிஷம் எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? அடுத்த பக்கத்தைத் தள்ளினேன். பத்துப் பேரின் ஆதார் படங்கள். என்னுடையது பச்சைக் கோரைப்பாய் மேல் வைத்து எடுத்த படம். ஓரத்தில் பாப்பாவின் பெருவிரல் விழுந்திருக்கிறது. அந்தப் படத்தை நான் ஒரே ஓர் ஆளுக்குத்தான் அனுப்பினேன். ஜூன் மாதம், இன்சூரன்சுக்கு நாமினி பெயர் கொடுக்க வேண்டும், உன் ஆதாரைப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்ட ஆளுக்கு.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, தெரிந்தவர்கள் யாராவது இதில் இருக்கிறார்களா மேடம் என்று அவர் கேட்டார்.

"நாலாவது நான்தான் சார்."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "அப்படியா, சொல்லவே இல்லையே. ஸ்வீட் குடுக்கணும் மேடம் நீங்க."

இவருக்கு மனுவைப் பற்றி இன்னும் தெரியாது போல. அல்லது தெரிந்தும் நடிக்கிறார். நான் என்ன விற்கலாம் என்று கேட்டேன். பாப்கார்ன், ஐஸ்கிரீம், சங்கு மாலை எதுவானாலும் சரி என்றார். நிபந்தனை ஆறைக் காட்டினார். மீன், கருவாடு முதலிய வாடை தரும் பொருட்கள் வளாகத்துக்குள் வரக்கூடாது. அத்தை என் கடைக்கு வந்து உட்காரலாமா என்று கேட்டேன். கூடை இல்லாமல் வந்தால் தாராளமாக என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நல்ல மனிதராகவே சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, என் பெயரை என் சம்மதம் இல்லாமல் சேர்த்திருக்கிறார்கள், நீக்கிவிடுங்கள் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்தேன். சிரிப்பு போய்விட்டது. ஒரு காப்பி என்னிடம் வைத்திருக்கிறேன்.

இனி நமக்குள் உள்ளதை எழுதுகிறேன்.

நீங்கள் கடை கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை. பதினாறு வயதில் படகேறினீர்கள். இங்கே ஒரு கடல், அங்கே ஒரு கடல், நடுவில் பன்னிரண்டு நாள் லீவு. கரையில் நாலடிக்கு நாலடி நமக்கென்று ஓர் இடம் கிடைத்தால் போதும், நாள் முழுக்க மெஷின் முன்னால் நிற்கும் பொண்டாட்டி கொஞ்சம் உட்காரட்டும் என்று நினைத்திருப்பீர்கள். அந்த நினைப்பில் உங்கள் தாய்மாமன் தூண்டில் போட்டிருக்கிறார். கொட்டகை போனால் அம்மா எங்கே போய் உட்காருவார்கள் என்றும் ஒரு நிமிஷமாவது நினைத்திருப்பீர்கள். நினைத்துவிட்டு, வயதாகிவிட்டது, இனி வீட்டில் இருக்கட்டும் என்று நீங்களே முடிவு செய்திருப்பீர்கள். அத்தையை நீங்கள் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. என்னிடம் நாமினி என்று சொன்னீர்கள்.

அந்த ஒரு வார்த்தைதான் மச்சான். நீங்கள் செத்தால் எனக்குப் பணம் வரும் என்று ஒரு தாளில் எழுதுகிறீர்கள் என்று நினைத்து அன்றைக்கு நான் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் படம் எடுத்தேன். பாப்பா விரலை வைத்தது எனக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

அத்தையிடம் பட்டியலைப் பற்றிச் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது உங்களிடம் கெஞ்சிக் கேட்கப் போகிறேன்.

திங்கட்கிழமைக்கு அத்தை தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். மனுவைக் கொடுத்துவிட்டுப் பேசப் போவது அவர்கள்தான். அடுப்படியில் தனியாகப் பேசிப் பார்க்கிறார்கள். இன்று காலை கேட்டேன். "எம்புள்ள சூதுவாது தெரியாதவங்கய்யா. திருவிழாவுக்குன்னு நம்பித்தான் கையெழுத்து போட்டான். நான் பெத்த புள்ள மேல ஆணையா சொல்றேன்" என்றார்கள். வெறும் வாயால் சொன்னால் எடுபடாது, பாப்பாவையும் தூக்கிக்கொண்டு வா, அது தலையில் கை வைத்துச் சொல்கிறேன் என்றார்கள். சொந்த அண்ணனை எதிர்த்து நிற்கிறார்கள். ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஓர் ஆபீசுக்குள் நுழையப் போகிறார்கள். அவர்களுக்குப் பிடிமானம் இந்த ஒரு நம்பிக்கைதான். அதை நான் எந்த வாயால் உடைப்பேன்? உடைக்காமல் விட்டால், பொய்யென்று எனக்குத் தெரிந்த சத்தியத்துக்கு என் குழந்தையின் தலையை எப்படிக் கொடுப்பேன்?

சாமி, ஆணை இதையெல்லாம் நான் பெரிதாக நம்புகிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அத்தை நம்புகிறார்கள். பின்னால் ஒரு நாள் இந்தப் பட்டியல் அவர்கள் கண்ணில் படும். காயாரோகணம் மாமாவே காட்டுவார், நேரம் பார்த்து. அதற்குப் பிறகு பாப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட, தன் கையால் வந்தது என்று நினைத்தே அவர்கள் செத்துப்போவார்கள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று கலெக்டருக்கு. நீங்கள் கையெழுத்துப் போட்டபோது தாள் வெறுமையாக இருந்தது என்பது உண்மை. அதை எழுதுங்கள். அதற்கு முன்பே மாமா உங்களிடம் கடையைப் பற்றிப் பேசியிருந்தால் அதையும் எழுதுங்கள். உங்கள் பெயருக்கு அது நல்லதில்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன். பாதி உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மீதியை அவர்கள் கொண்டுவருவார்கள்.

இன்னொன்று அத்தைக்கு. அதில் என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எழுத முடியாவிட்டால் போன் செய்யுங்கள். ஸ்பீக்கரிலேயே சொல்லுங்கள், ஏழு பேரும் கேட்கட்டும். தெரு முழுக்கத் தெரிந்தாலும் பரவாயில்லை, அத்தை அதை உங்கள் வாயால் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் திங்கட்கிழமை அவர்கள் வருவார்கள் என்றுதான் நினைக்கிறேன். இடம் அவர்களுடையது. உங்களுக்காகப் பேசுவதை விட்டுவிட்டுத் தனக்காகப் பேசுவார்கள். அது இன்னும் நன்றாகவே இருக்கும்.

வாக்குமூலத்தை நானே எழுதி அனுப்பினால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன் என்பீர்கள். மாட்டேன். நீங்களே எழுதுங்கள். எழுதியதைப் படித்துப் பாருங்கள். பிறகு போடுங்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். பாப்பாவுக்குக் காதுகுத்துக்கு எடுத்த அந்த மஞ்சள் கவுனை அத்தை துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். நீங்கள் அதற்குள் பேசிவிட்டால் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவேன்.

காற்று மாறுகிற மாதம், கயிறு இழுக்கும்போது விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களை நல்லபடியாகக் கரை சேர்க்கும்படி அத்தை தினமும் கும்பிடுகிறார்கள். நானும் பக்கத்தில் நிற்கிறேன்.

தர்ஷினி